உடைசல் கணக்கு: சண்டிகர் ராக் கார்டன்

விருதுநகரில் 27 ஆண்டுகள் டைல்ஸ் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் நான். குஜராத்தின் மோர்பியிலிருந்து லோடு வந்து நின்றால், இறக்குகிற பையன் பெட்டியைத் தோளில் ஏற்றும்போதே எனக்குத் தெரிந்துவிடும். நல்ல பெட்டி ஊமையாக வரும். உடைந்த பெட்டி கலகலக்கும். கலகலக்கிற பெட்டி ஓரமாகப் போகும். அதன் கணக்கு தனி நோட்டில் ஏறும். அட்டையில் 'உடைசல்' என்று என் கையால் எழுதிய நோட்டு அது. லாரிக்காரர் ஏற்றியவரைக் குறை சொல்வார், ஏற்றியவர் ரோட்டைக் குறை சொல்வார், கடைசியில் நஷ்டம் என் நோட்டில்தான் வந்து உட்காரும். மொட்டை மாடியில் பதிக்க வெள்ளைச் சில்லு கேட்டு வருகிறவர்களுக்குச் சாக்குக் கணக்கில் கொடுப்போம்; வெயில் ஊருக்கு அது நல்லது, கீழே அறை கொஞ்சம் தணிந்து கிடக்கும். மற்ற நிறங்களை யாரும் சீந்த மாட்டார்கள். ஊருக்கு வெளியே பள்ளம் பார்த்துக் கொட்டிவிட்டு வருவோம்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், சண்டிகர் ராக் கார்டனைப் பற்றி நான் எழுதுவது நடுநிலையான விமர்சனம் ஆகாது. வாழ்நாளில் பாதியை உடைசலைத் திட்டியே கழித்த ஒருத்தியை, உடைசலாலேயே எழுப்பிய இடத்துக்குக் கூட்டிப் போனால் அவள் என்ன எழுதுவாள்? படிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

மகள் வீடு சண்டிகரை ஒட்டிய மொகாலியில். நவம்பர் கடைசியில் போயிருந்தேன். "அத்தை, நீங்கள் ராக் கார்டன் பார்க்காமல் ஊருக்குப் போகக் கூடாது" என்று மாப்பிள்ளை வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. பெயரைக் கேட்டதும் நாலு பாறை, நடுவில் ரோஜாச் செடி, சுற்றிலும் கம்பி வேலி என்று நானாக ஒரு படம் போட்டு வைத்திருந்தேன். வயலட் நிறத்தில் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு புதன்கிழமை காலை போய் நின்றோம். 9 மணிக்குத் திறக்கிறார்கள். டிக்கெட் விலையைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியதில்லை. நம்மூரில் இரண்டு பேர் காபி குடித்தால் ஆகிற காசு. செக்டர் 1இல், சுக்னா ஏரிக்கும் உயர்நீதிமன்றத்துக்கும் இடைப்பட்ட இடம். ஏரியை அப்புறம் பாருங்கள். முதலில் இங்கே வாருங்கள், அதுவும் திறந்தவுடன். 11 மணிக்கு மேல் பள்ளிக்கூடச் சுற்றுலாப் பஸ்கள் வந்துவிட்டன. அதன்பிறகு பாதை ஒருவழிப் பாதை போல ஆகிவிடுகிறது. பின்னால் வருகிற கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போய்விடும்.

உள்ளே நுழைந்தவுடன் குனிய வேண்டும். வாசல்களெல்லாம் அவ்வளவு தாழ்வு. இதை எழுப்பியவர் வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார். ஐந்தடி உயரமுள்ள நானே தலையைத் தாழ்த்தினேன். மாப்பிள்ளை இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டார். பழைய வீட்டு நிலைப்படியில் குனிந்து பழகியவர்களுக்குச் சிரமமில்லை. முதல் முற்றங்களில் ஆற்றுப்படுகைகளிலிருந்து பொறுக்கி வந்த கற்கள் இருக்கின்றன. உளி படாத கற்கள். ஒன்று உட்கார்ந்திருக்கும் குரங்கு போலவும் இன்னொன்று முக்காடு போட்ட கிழவி போலவும் தெரிகிறது. அங்கே நான் அதிக நேரம் நிற்கவில்லை. என்னை நிறுத்தியது அடுத்து வந்த சுவர்.

அந்தச் சுவரில் இருந்தவை பீங்கான் ஃபியூஸ் கட்டைகள், மின்கம்பத்துப் பீங்கான்கள், சுவிட்சுப் பலகைத் துண்டுகள், வாஷ்பேசின் விளிம்பு, கோப்பைக் காது. வரிசை வரிசையாகப் பதித்திருந்தது. என் பேத்திக்கு ஏழு வயது. சுவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பெருங்குரலில், "அம்மாச்சி, இது கக்கூஸ்!" என்று அறிவித்தாள். பக்கத்தில் நின்ற பஞ்சாபிக் குடும்பத்துக்குத் தமிழ் தெரியாது; அவள் விரல் நீட்டிய இடம் தெரிந்தது; எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். குழந்தை சொன்னது சரிதான். இந்தியன் க்ளோசெட்டின் கால்வைக்கும் பகுதி, அந்த வரி வரியான மேடு, அப்படியே தெரிந்தது. எத்தனை விற்றிருப்பேன், எனக்குத் தெரியாதா?

கொஞ்சம் தள்ளி, வெள்ளைச் சில்லு பதித்த சுவர். எங்கள் தொழிலில் ஆளைக் கொல்வது 'ஷேடு'. ஒரே எண், ஒரே கம்பெனி, இரண்டு பெட்டியில் வெள்ளை நூலளவு மாறினால் வீட்டுக்காரர் பாதி பதித்த தரையைப் பெயர்த்துக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார். அதற்காக ஒரு ஆடி மாதம் முழுவதும் ஒரு வாத்தியாரிடம் வசவு வாங்கியிருக்கிறேன். இந்தச் சுவரில் பால் வெள்ளை, தயிர் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, பழுத்துப்போன பல் வெள்ளை என்று எத்தனையோ வெள்ளைகள். எதையும் எதோடும் சேர்க்க அவர் மெனக்கெடவில்லை. தள்ளி நின்று பார்த்தால் சுவர் மூச்சுவிடுகிற மாதிரி இருக்கிறது. ஒரே வெள்ளையாக இருந்திருந்தால் அது ஆஸ்பத்திரிச் சுவர்.

அடுத்து நான் சொல்லப்போவது தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் தாண்டிப் போகலாம். சுவர் டைல்ஸுக்கு ஒரு பக்கம்தான் மெருகு இருக்கும். பின்பக்கம் கரடு. அந்தக் கரடில்தான் சிமெண்டு பிடிக்கும். பதிப்பதற்கு முன் தண்ணீரில் ஊறப்போடுவதும் அதற்காகத்தான். சாப்பாட்டுத் தட்டுக்கும் கோப்பைக்கும் அப்படியில்லை, இரண்டு பக்கமும் மெருகு. சிமெண்டு அதில் ஒட்டாது, வழுக்கும். அப்படியானால் இந்தத் தட்டுச் சில்லுகள் இத்தனை வருட மழையிலும் வெயிலிலும் எப்படி நிற்கின்றன என்று எனக்குப் புதிராக இருந்தது. மகளின் செல்போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சில்லு மேலே ஒட்டப்படவில்லை, கலவைக்குள் அமுக்கப்பட்டிருக்கிறது. உடைந்த ஓரத்தில்தான் மெருகு கிடையாது. அந்த ஓரத்தைச் சுற்றிச் சிமெண்டு எழும்பி, நகக்கண்ணில் சதை ஏறிக் கிடப்பது போல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரிய துண்டாக இருந்தால் நடுவில் பிடிப்பில்லாமல் கழன்றுவிடும், அதனால் சின்னச் சின்னத் துண்டு. கலவை இறுகுவதற்குள் அமுக்கியாக வேண்டும், அதனால் ஒரு நேரத்துக்கு ஒரு சட்டிக் கலவைக்கு மேல் குழைத்திருக்க முடியாது. உடைந்த ஓரத்தில்தான் பிடிப்பே இருக்கிறது என்று கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கு 27 ஆண்டுகளில் தோன்றியதே இல்லை. எங்கள் பெரிய கொத்தனாரிடம் போனில் சொன்னேன். "அக்கா, அது மொசைக் இல்லை, பொறுமை" என்றார்.

இத்தனையும் செய்தவர் பெயர் நேக் சந்த். கொத்தனாரும் இல்லை, சிற்பியும் இல்லை. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். 1924இல் இப்போது பாகிஸ்தானில் இருக்கும் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1947 பிரிவினையில் குடும்பம் எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தது. 1951இல் சண்டிகரில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போதுதான் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் திட்டப்படி அந்த நகரம் எழும்பிக்கொண்டிருந்தது. செக்டர் செக்டராக, அளவுகோல் வைத்துக் கோடு போட்ட நகரம். 1957 வாக்கில் இவர் வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கழிவு பொறுக்கக் கிளம்பிவிடுவாராம். பொறுக்கியதையெல்லாம், கட்டடமே கட்டக் கூடாது என்று ஒதுக்கிய காட்டுப் பகுதியில், ஒரு ஓடைப் பள்ளத்தின் ஓரத்தில் சேர்த்தார். செடி கொடிகளை வெட்டி இடம் பண்ணினார். இரவில் பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை செய்தார்.

அப்படி ஏறக்குறைய 18 ஆண்டுகள். வீட்டைத் தவிர நெருங்கிய சிலருக்கு மட்டுமே தெரியும். சட்டப்படி பார்த்தால் இது அரசாங்க ஊழியர் அரசாங்க நிலத்தில் செய்த ஆக்கிரமிப்பு. எங்கள் கடை வாசலில் இரண்டடி சாய்ப்பு இறக்கியதற்கு எனக்கு வந்த நோட்டீஸை நினைத்துக்கொண்டேன். 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது, பல ஏக்கர் பரப்பில் முற்றம் முற்றமாகச் சிலைகள் நின்றன. இடித்திருக்கலாம். இடிக்க நினைத்தவர்களும் இருந்தார்கள். பார்க்க வந்த ஜனங்கள் விடவில்லை. 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளம் கொடுத்து, அதற்கென்றே ஒரு பதவி கொடுத்து, 50 வேலையாட்களையும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ வந்தது. அதற்கு முந்தைய வருடமே தபால்தலையும் வந்துவிட்டது. 2015 ஜூனில், 90 வயதில் காலமானார். இப்போது அந்த இடம் 40 ஏக்கர் என்கிறார்கள். நடந்த என் முழங்கால் அதை மறுக்கவில்லை.

அவர் பொறுக்கியது எங்கிருந்து வந்தது என்று மாப்பிள்ளை சொன்னபோதுதான் எனக்கு நடை தளர்ந்தது. அந்த நேரான நகரத்தைக் கட்டுவதற்கு அங்கே இருந்த கிராமங்களை எடுத்தார்கள். ஒன்றிரண்டு இல்லை, இருபதுக்கும் மேல். இடித்த வீட்டில் என்னென்ன கிடக்கும் என்று யோசியுங்கள். உடைந்த தட்டு, சட்டி, விளக்கு, வளையல், கூரை ஓடு. ஒரு துண்டில் நீலப் பூ வரைந்திருந்தது, பாதிப் பூ. மற்ற பாதி அந்தச் சுவரில் எங்காவது இருக்குமா என்று நான் தேடிக்கொண்டு நின்றேன். மகள், "அம்மா, கூட்டம் வருகிறது" என்று தோளைத் தொட்டாள்.

வளையல் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மேட்டில் படிப்படியாக நிற்கிறார்கள். உள்ளே பழைய இரும்புக் கம்பியும் கழிவும், மேலே சிமெண்டு, அதற்கும் மேலே உடம்பு முழுவதும் உடைந்த கண்ணாடி வளையல். பச்சை, சிவப்பு, நீலம். வளைந்த துண்டுகளை நெருக்கி நெருக்கி அமுக்கியதில் பாவாடைக்குத் தானாகவே கொசுவம் விழுந்திருக்கிறது. வளையல் உடைவது நம் வீடுகளில் நல்ல பேச்சில்லை. குழந்தை கையில் உடைந்தாலும் "விடு, விடு" என்று அவசரமாகக் கூட்டித் தள்ளிவிடுவோம். இங்கே அதையே உடுத்திக்கொண்டு ஒரு ஊரே நிற்கிறது. முகத்தில் மட்டும் சிமெண்டு. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் முகம். குரங்குகள், குடம் சுமப்பவர்கள், வாத்தியக்காரர்கள், பறவைகள் என்று கூட்டம் கூட்டமாக இருந்தாலும் எனக்கு அந்த வளையல்காரிகள்தான். ஒரே குறை, அவர்கள் நாம் நடக்கிற பாதையிலிருந்து தள்ளி, உயரத்தில் நிற்கிறார்கள். சில்லுக்கும் சில்லுக்கும் நடுவில் உள்ள சந்தில் கலவை எப்படி வழித்திருக்கிறது என்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. கிட்டே விட்டால் நம் ஜனம் ஆளுக்கொரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும் என்பதும் உண்மை. நல்ல கேமரா உள்ள செல்போன் கையில் இருக்கட்டும்.

மூன்று கட்டமாக எழுந்த தோட்டம் இது. இரண்டாவது கட்டத்தில் பள்ளத்தாக்கு, அருவி, சிமெண்டில் செய்த ஆலம் வேர்கள், தார் டிரம்களை அடுக்கிய சுவர். வேர்களைப் பார்த்து இரண்டு முறை ஏமாந்தேன். தட்டிப் பார்த்துத்தான் சிமெண்டு என்று தெரிந்தது. அருவி ஓரம் தரை ஈரமாக இருக்கும், வழுவழுப்பான செருப்பு வேண்டாம்.

மூன்றாவது கட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. பிரம்மாண்டமான வளைவுகள், ஒவ்வொன்றிலும் சங்கிலி ஊஞ்சல். ஊஞ்சலில் பெரியவர்கள்தான் அதிகம்; தலைப்பாகை கட்டிய ஒரு தாத்தா கால் நீட்டி ஆடிய அழகு கண்ணிலேயே நிற்கிறது. பேத்தியை இறக்க முடியவில்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் முக்கால் மணி நேரம் அங்கே ஒதுக்கிக்கொள்ளுங்கள், அவர்களுக்கு அதுதான் ராக் கார்டன். ஆனால் சுவர்ச் சில்லுகளைப் பாருங்கள். என் கண்ணுக்கு எல்லாம் சமமான துண்டாகத் தெரிந்தன; நிறத்தை நிறத்தோடு சேர்த்து, வளைவுக் கோலம் போட்டு, சுத்தமாகப் பதித்திருக்கிறார்கள். வேலை நல்ல வேலை. எங்கள் கடைக்கு வருகிற எந்த வீட்டுக்காரரும் திருப்தியாகக் காசு கொடுப்பார். முதல் கட்டத்தில் ஒவ்வொரு துண்டையும் ஒருவர் கையில் திருப்பிப் பார்த்து, 'நீ இங்கே இரு' என்று வைத்திருக்கிறார். இங்கே நிறையப் பேர் சேர்ந்து இடத்தை நிரப்பியிருக்கிறார்கள். மாப்பிள்ளை ஒப்புக்கொள்ளவில்லை. "அத்தை, அவருக்கும் வயதாகாதா? திருட்டுத்தனமாகத் தனியாகச் செய்தால்தான் கலையா?" என்றார். அவர் கேட்டது நியாயம். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் முதல் இரண்டுக்கும் ஐந்து, மூன்றாவதுக்கு இரண்டரை, மாப்பிள்ளைக்காக மூன்று.

அப்படி ஒருவர் செய்ததைக் காப்பாற்றுவதும் லேசாக நடக்கவில்லை. 1996இல் அவர் வெளிநாடு போயிருந்த நேரத்தில் விஷமிகள் புகுந்து சிலைகளை உடைத்தார்கள். 2025 தொடக்கத்தில், உயர்நீதிமன்றத்துப் பக்கம் சாலையை அகலப்படுத்துவதற்காக வெளிச்சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள்; சண்டிகர்க்காரர்கள் பலர் அங்கே போய் நின்று எதிர்த்தார்கள். அந்தச் செய்தியைச் சொல்லும்போது, வழக்கமாக எதற்கும் குரல் உயர்த்தாத என் மகள் கோபப்பட்டாள். அவள் அந்த ஊருக்கு வந்து ஆறு வருடம்தான் ஆகிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முழுவதும் பார்க்க நிதானமாக மூன்று மணி நேரம் வேண்டும். ஏற்றமும் படியும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் தடி எடுத்துக்கொள்ளலாம், வெட்கப்பட வேண்டாம், நான் எடுத்துப் போனேன். உள்ளே துணிப் பொம்மைகளை வைத்த கூடம் ஒன்று இருக்கிறது, அவையும் அவர் செய்தவையே, கந்தலில். அவசரத்தில் பலர் அதை விட்டுவிட்டுப் போகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் காலைப் பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதாம், அதற்கு முன்பே போய்விடுங்கள். வெளியே வந்ததும் ஆட்டோவுக்குப் பேரம் பேசித்தான் ஏற வேண்டும். நான் பேசிய பேரத்தில் என் இந்தியைப் பார்த்தே ஆட்டோக்காரர் 20 ரூபாய் குறைத்தார் என்று நினைக்கிறேன்.

வண்டியில் ஏறியதும் மாப்பிள்ளை கேட்டார்: "அத்தை, உங்கள் கணக்குப்படி அங்கே எத்தனை சாக்கு உடைசல் இருக்கும்?"

நான் உள்ளேயே அந்தக் கணக்கைத் தொடங்கியிருந்தேன். நீளம் இத்தனை அடி, உயரம் இத்தனை அடி, ஒரு சாக்குச் சில்லு எத்தனை சதுர அடிக்கு வரும் என்று வெள்ளைச் சுவருக்கு மட்டும் போட்டுப் பார்த்ததில் நாற்பதைத் தாண்டியது. அடுத்த சுவருக்குத் திரும்பும்போது பேத்தி இன்னொரு கக்கூஸைக் கண்டுபிடித்துவிட்டாள், எண்ணிக்கை விட்டுப்போனது. திரும்ப முதலிலிருந்து போட எனக்குத் தெம்பு இல்லை.

"நாற்பதுக்கு மேல், மாப்பிள்ளை" என்றேன். "சரியாக எழுதி வைக்கவில்லை."